தானாய் ஏறிய தீபம்

அருணாதேவியின் வீட்டில் வேலை என்றால் மூன்றுதான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தட்டச்சு செய்வது ஒன்று. சமையல், துவையல், பாத்திரம், பிள்ளை என்று விடிந்தது முதல் ஓயாதது இன்னொன்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் பந்தல் போட்டுக் கிரிவலக்காரர்களுக்குச் சுக்குக் காபி விற்பது மூன்றாவது. பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் படம் வரைவது இந்தக் கணக்கில் சேராது. யாராவது வந்து அருணா எங்கே என்று கேட்டால், "உள்ள பெயின்ட் அடிச்சினு உக்காந்துனு கீறா" என்று மாமியார் ரேணுகாம்பாள் சொல்வாள். சுண்ணாம்பு அடிக்கிறவன்கூட நின்றுகொண்டு அடிக்கிறான். இவள் உட்கார்ந்தல்லவா அடிக்கிறாள், அது எப்படி வேலையாகும்?

ரேணுகாம்பாளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. மருமகள் ஆபீசிலிருந்து வரத் தாமதமானால் தானே சோற்றை வடித்து, அவளுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பைத் தனியாக எடுத்து மூடி வைக்கிறவள்தான். படம் என்கிற சங்கதி மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவளைக் கேட்டால் படம் என்பது காலண்டரில் இருக்கும், அதில் சாமி இருக்கும், அடியில் தேதி இருக்கும். மருமகள் வரைகிற படத்திலோ டிரான்ஸ்பார்மர் இருந்தது, கொடியில் காயும் பாவாடை இருந்தது, குழாயடியில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடம் இருந்தது. "இதெல்லாந்தான் வெளியவே கீதே, இன்னாத்துக்குத் திரும்பவும்?" என்று ஒருமுறை கேட்டாள். கேலியாக இல்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சென்னை ஓவியக் கல்லூரியில் அருணாதேவிக்கு எதையெதையோ சொல்லிக்கொடுத்தார்கள், மாமியாருக்குப் பதில் சொல்ல மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் போளூர்க்காரி. கல்லூரி முடித்த கையோடு அரசுத் தேர்வு எழுதி வேலை வாங்கினாள். வேலை வாங்கிய கையோடு ஆதி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டாள். கணவன் பிரசாத்துக்குச் செங்கம் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை. நல்ல மனிதன், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதன். மதில்மேல் பூனையாவது என்றைக்காவது ஒருநாள் ஏதாவது ஒரு பக்கம் குதிக்கும், பிரசாத் குதிக்கமாட்டான். மகள் மதிவதனி எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கோடை விடுமுறையில் போனும் கையுமாகத் திரிந்தாள்.

வரைய நேரமில்லை என்று அருணாதேவி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. நேரத்தை எங்கே எப்படித் திருடுவது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய ஏக்கம் வேறு. வரைந்து முடித்ததும் பக்கத்தில் வந்து நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்ல வேண்டாம். இது என்ன, இது ஏன் இந்த மூலையில் இருக்கிறது என்று சும்மா நின்று பார்த்தால் போதும். பிரசாத் "சூப்பர்" என்பான், அந்த வார்த்தை முடிவதற்குள் கண் வேறெங்கோ போயிருக்கும். மகள் வந்தால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். ஆறிப்போன காபியைப்போல அந்தப் படங்கள் பின்பக்க அறையில், விதைக்கு வைத்திருக்கும் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன.

இந்த முறை அவள் மலையையே எடுத்துக்கொண்டாள். திருவண்ணாமலையில் மலையை வரையாதவர்கள் கிடையாது. ரமணாசிரமப் பக்கம் போனால் வெளிநாட்டுக்காரர்கள் காபிக் கடை மேசையில்கூட மலையை வரைந்துகொண்டிருப்பார்கள். அதனாலேயே அவள் இத்தனை காலம் அதைத் தொடாமல் இருந்தாள். ஆனால் அந்தச் சித்திரையில் மலையில் தீப்பிடித்து ஒரு சரிவு முழுக்கக் கருகிப்போயிற்று. அப்புறம் இரண்டு மழை பெய்தது. ஒருநாள் காலை மாடியில் துணி காயப்போடப் போனவள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். கரிச்சரிவில் அங்கங்கே பச்சை துளிர்த்திருந்தது. உச்சியைக் காணோம். மேகம் இறங்கி மூடியிருந்தது. ஊரே அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அந்த உச்சி இல்லாமல், தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டு சுற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி மாதிரி மலை சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. அதை வரைய வேண்டுமென்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்றை எப்படி வரைவது?

அவள் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. வெள்ளைக் கான்வாஸ் துணியில் அவளுக்குக் கை ஓடாது. முதலில் துணி முழுவதையும் செங்காவியும் ஆரஞ்சும் கலந்து ஒரே பூச்சாகப் பூசிவிடுவாள். மேலே என்ன நிறம் போட்டாலும் அடியில் அந்தச் சூடு இருந்துகொண்டே இருக்கும். பிறகு மற்றவர்களைப்போல வானத்தில் தொடங்கமாட்டாள், அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறுவாள். ஆயில் வண்ணம் காய வாரக்கணக்காகும் என்பதால் அக்ரிலிக். கை கழுவிவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். குக்கரின் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே வரைகிறவர்களுக்கென்றே எவனோ புண்ணியவான் கண்டுபிடித்தது.

இப்படி ஆபீசுக்கு முன்னால் கொஞ்சம், சமையலுக்குப் பின்னால் கொஞ்சம் என்று மலை வளர்ந்தது. செங்காவி மேலே மேலே ஒதுங்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் உச்சியைச் சுற்றிக் கையகலம்தான் பாக்கி. அங்கேதான் மேகம் வர வேண்டும். மேகத்தை மட்டும் தவணை முறையில் போட முடியாது. நிறம் காய்வதற்குள் நிறத்தோடு நிறம் கரைய வேண்டும். அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது, யாரும் கூப்பிடாமல், கிடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று அதை ஒதுக்கி வைத்தாள்.

ஞாயிறு தப்பினால் முடியாது என்பதற்கும் காரணம் இருந்தது. கூடப் படித்த சரவணகுமார் சென்னையில் ஒரு கண்காட்சி வைக்கிறான். அவர்கள் வகுப்பில் படித்தவர்களில் இன்னும் தூரிகையைக் கீழே வைக்காதவர்களின் படங்கள் மட்டும். அந்தப் பட்டியலில் தன் பெயரையும் அவன் நினைத்துக்கொண்டான் என்பதிலேயே அருணாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. பெங்களூர் நண்பர்களின் படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு சாயந்தரம் இந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதாகவும், அப்போது படம் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் படம் ஒன்று வாசற்படி தாண்டப் போவது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வைகாசிப் பௌர்ணமி. அன்றைக்கு ஊருக்குள் பஸ் வராது, பைபாசிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆபீஸ் விட்டதும் அவள் கிரிவலப் பாதையில் இறங்கி நடந்தாள். ஊரே வலமாக வரும்போது அவளுக்கு மட்டும் வீடு போய்ச் சேர இடமாகப் போவதுதான் கிட்டத்து வழி. எதிரே வருகிற கூட்டமெல்லாம் அவளை முறைத்தது. அப்பிரதட்சிணமாகப் போகிறாளே, படித்தவள் மாதிரி இருக்கிறாள், இதுகூடத் தெரியவில்லையா என்று ஓர் அம்மாள் காதுபடவே சொன்னாள். புண்ணியத்துக்கு நடக்கிறவர்கள் நடுவே, இட்லிக்கு அரிசி ஊறப்போட்டோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நடக்கிறவளுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் அவளை நிறுத்தினார்கள்.

"ஏம்மா, எதுக்கால போறியே, ஆதி அண்ணாமலைல ஒரு வூட்டுல மலைப் படத்துல தீபம் தானா ஏறிகீது. நாங்க பாத்துட்டுதான் வரோம். நீயும் போயி ஒரு கும்புடு போட்டுட்டுப் போ."

யாரோ நன்றாக வியாபாரம் பண்ணுகிறார்கள் என்று அருணாதேவி மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். தன் வீட்டு வாசலில் செருப்புக் குவியலைப் பார்க்கும் வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது.

உள்ளே கூடத்தில், சாமி மாடத்துக்குக் கீழே, அவள் படம் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தது. சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு. மலையின் நடுவயிற்றில் பெரிதாகக் குங்குமம். கற்பூரப் புகையில் முதலில் அவளுக்குத் தன் படமே அடையாளம் தெரியவில்லை. ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்துக் கூட்டத்தை விலக்கி முன்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அன்னிக்கு மூட்ட எடுக்கப் போனப்ப பாத்தன். வெறுஞ் செவப்பு, வேற ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு பாய்லர் எடுக்கப் போறன், அந்தச் செவப்பெல்லாம் ஒண்ணா சேந்து உச்சிக்கு ஏறி நிக்குது. ஒடம்பே சிலுத்துப்போச்சு அருணா. வைகாசிலயே தீபம் பாத்துட்டன்."

அருணாதேவி உச்சியைப் பார்த்தாள். செங்காவி மிச்சமிருந்த கையகலம், மேலே குறுகி, கீழே அகன்று, நிஜமாகவே சுடர் மாதிரித்தான் இருந்தது. வேலை பாக்கி இருந்த ஒரே இடத்தில் போய் எல்லாரும் சாமியைப் பார்த்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். மலையே சுயம்பு, யாரும் செய்து வைத்ததில்லை, தானாய் எழுந்தது. அப்படியிருக்க மலைப் படம் மட்டும் எப்படி? அதுவும் சுயம்புதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மதிவதனி போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டாள், கிரிவலம் சுற்றியவர்கள் வாயாலேயே மற்றதைச் சுற்றவிட்டார்கள். சாயந்தரத்துக்குள் சுக்குக் காபி பாய்லர் இரண்டு முறை காலியாகிவிட்டது.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர்போலத் தெரிந்த ஒரு பெரியவர் கும்பிட்டு முடித்துவிட்டு, "யாருங்க வரைஞ்சது?" என்று கேட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். யாரும் வரையவில்லை, சுயம்பு என்று ஜோதியம்மாள் பதில் சொன்னாள். அருணாதேவி இரண்டடி தள்ளிக் காபித் தட்டோடு நின்றாள். நான்தான் என்று சொல்ல ஓர் அடி முன்னால் வைத்தாள். அந்த மனிதர் தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்துக்கொண்டு, சாமி குடியிருக்கும் வீட்டுப் பெண் என்ற மரியாதையில் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் சற்று ஓய்ந்தபோது ரேணுகாம்பாள் படத்துக்கு முன்னால் தனியாக நின்றிருந்தாள். அருணாதேவி கப்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். மாமியார் படத்தை விரலால் தொடாமல், தொடுகிற தூரத்தில் விரலை வைத்துக் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தீப்புடிச்ச எடந்தான? ரெண்டு மழைக்கே துளுத்துக்கிச்சு பாரு. தோ இந்தப் பாறை, நம்ம தண்ணித் தொட்டிக்கு நேரா தெரியுமே, அதான?"

அத்தனையும் சரி. கல்லூரியில் வகுப்பெடுத்தவர்கள்கூட இவ்வளவு பொறுமையாக அவள் படம் ஒன்றைப் பார்த்ததில்லை. எத்தனை வருஷமாக இப்படி ஓர் ஆள் வந்து நிற்க மாட்டாரா என்று ஏங்கினாளோ, அந்த ஆள் வந்து நின்றாயிற்று. தப்பான பஸ்ஸில் ஏறி, சரியான ஊரில் வந்து இறங்கியிருக்கிறாள். அவளிடம் போய் டிக்கெட் கேட்க யாருக்கு மனசு வரும்? அது தீபம் இல்லை அத்தை என்று சொல்ல வேண்டிய வாயால், ஆமாம் அத்தை, அந்தப் பாறைதான் என்று சொன்னாள் அருணாதேவி. சொன்னபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதை ஒளிப்பானேன்?

சனிக்கிழமை முழுவதும் அந்த மகிழ்ச்சிக்கு அபராதம் கட்டினாள். படம் இன்னும் முடியவில்லை, நாளைக்கு மேகத்தைப் போட்டு அனுப்ப வேண்டும் என்று பிரசாத்திடம் சொன்னாள். அவன் படத்தையும் பார்த்தான், அம்மாவையும் பார்த்தான், கடைசியில் கடைச் சாவியைப் பார்த்தான். அம்மா மனசு நோகுமே என்றான். உன் மனசும் நோகக் கூடாது என்றான். வீட்டில்தான் இவ்வளவு பெயின்ட் இருக்கிறதே, வேறு ஒன்று போட்டு அனுப்பிவிடேன் என்றான். மாவு இருக்கிறதே, இன்னொரு தோசை ஊற்று என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சுலபமாக, அவ்வளவு அன்பாகச் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தது. அன்பாகச் சொல்கிறவனிடம் கோபத்தை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் அதை அம்மிமேல் காட்டி மிளகாய் அரைத்தாள்.

சாயந்தரம் சரவணகுமார் பேசினான். மதிவதனியின் போட்டோ எப்படியோ அவனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் ஒருவனாவது புரிந்துகொள்வான் என்று அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"அருணா, அந்த உச்சிய அப்படியே விட்டுடு. கை வைக்காத. திருவண்ணாமலைன்னா எல்லாரும் அதைத்தான் எதிர்பாக்கறாங்க. இதுதான் ஷோவுல முதல் படம்."

அங்கே மேகம் வர வேண்டும் சரவணா என்றாள். மேகம் எல்லா மலையிலும் இருக்கும், தீபம் இங்கேதானே என்றான் அவன். போனை வைத்தபிறகு அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மலையைப் பார்த்தாள். மலை பளிச்சென்று, உச்சி தெரிய, வெயிலில் நின்றது. மழைக்குப் பிறகு அன்றொரு காலை அவள் கண்ட மலை எங்கேயும் இல்லை. அது அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. அவளும் விட்டுவிட்டால் அப்படி ஒரு மலை இருந்ததற்குச் சாட்சியே கிடையாது. முதல் படமாக வைத்தால் என்ன, பூஜையில் வைத்தால் என்ன, அது அவள் வரைந்தது ஆகாது. எவ்வளவு ஆசையாக இருந்தது, அந்த மேகத்தைப் போட! தண்ணீர் தாகம் மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை இட்லி அவித்து இறக்கிவிட்டு, குளித்து, தட்டில் நிறங்களைப் பிழிந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். ரேணுகாம்பாள் பழைய மாலையைக் கழற்றிப் புது மாலை போட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் கையில் தூரிகையைப் பார்த்ததும் மாலையைக் கீழே வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"இன்னா பண்ணப் போற?"

"அந்த உச்சிய முடிக்கணும் அத்தே. சாயந்தரம் வண்டி வருது."

ரேணுகாம்பாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அருணாதேவிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ அந்த ரூம்ல கதவ சாத்திக்கினு இன்னா பண்றன்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. தெரியாதவளாவே இருந்துட்டன். எனக்குப் புரிஞ்ச படம் இது ஒண்ணுதான். அதையும் அழிக்கப் போறியா?"

அருணாதேவிக்குக் கண்ணில் நீர் முட்டியது. தட்டில் நிறம் காய்ந்துகொண்டிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அழிக்கல அத்தே. அது தீபம் இல்ல. அது நான் கடைசில செய்யணும்னு விட்டு வச்ச எடம். அங்க இன்னும் வேல பாக்கி இருக்கு."

ரேணுகாம்பாள் முகம் மாறியது. அவள் திரும்பி உச்சியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், தான் வைத்த குங்குமத்தைப் பார்த்தாள்.

"வேல பாக்கியா?"

"ஆமா அத்தே."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வேல முடியாத சாமிக்கா நான் ரெண்டு நாளா கற்பூரம் காட்டினன்? அது தோஷமாச்சே."

கோயில் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. திருப்பணி பாக்கி இருக்கிற சந்நிதியில் உளிச் சத்தத்துக்கு நடுவே சாமி உட்கார்ந்திருக்காது. பாலாலயம் செய்து, மந்திரம் சொல்லி, சாமியைச் செம்புத் தண்ணீரில் இறக்கி வெளியே ஓரமாக ஓர் இடத்தில் வைப்பார்கள். வேலை செய்கிறவர்கள் சாரம் கட்டி வேலையை முடிக்கும் வரைக்கும் பூஜை அங்கேதான். சாமியே எழுந்து வழிவிடும். ரேணுகாம்பாள் உள்ளே போய்ச் செம்பை விளக்கித் தண்ணீர் நிரப்பி, வேப்பிலை ஒரு கொத்துச் செருகிக் கொண்டுவந்தாள். மாலையை எடுத்தாள். ஈரத் துணியால் நான்கு மூலைச் சந்தனத்தையும் நடுவிலிருந்த குங்குமத்தையும் கறை இல்லாமல் ஒற்றி எடுத்தாள். பிறகு செம்பைப் படத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மந்திரம் தெரியாததால், தெரிந்த பாஷையில் பேசினாள்.

"அண்ணாமலையாரே, கோவிச்சிக்காத. கொஞ்சம் எறங்கி இதுல வந்து உக்காந்துக்க. எம் மருமவளுக்கு வேல பாக்கி கீதாம்."

அருணாதேவி காய்ந்த நிறத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பிழிந்தாள். ரேணுகாம்பாள் செம்பை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஜோதியம்மாள் செங்கத்திலிருந்து வந்த இரண்டு உறவுக்காரிகளைத் தரிசனத்துக்கு அழைத்து வந்தபோது, உள்ளே வேலை நடக்கிறது, அப்புறம் வா என்று திருப்பி அனுப்பினாள். மதிவதனி அம்மாவிடம் ஏதோ கேட்க வந்து இதே பதிலை வாங்கிக்கொண்டு போனாள். பிரசாத் வெள்ளைச் சட்டை எங்கே என்று குரல் கொடுத்தான். வேலை நடக்கிறது என்று சொல்கிறேனே, பீரோவைத் திறக்க உனக்குக் கை இல்லையா என்று அவனுக்கும் விழுந்தது. அந்த வீட்டில் மூன்றாக இருந்த கணக்கு நாலாகிவிட்டதை அருணாதேவி முதுகுக்குப் பின்னால் கேட்டாள். கேட்டுக்கொண்டே சாம்பலில் வெள்ளையைக் கலந்தாள்.

அன்றைக்குப்போல அவள் என்றைக்கும் வரைந்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை. அடுப்பில் எதுவும் இல்லை. சாம்பல் நிறம் செங்காவிமேல் படர்ந்து, ஓரத்தில் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, வெள்ளையாகத் திரண்டு, ஒரு துளி நீலத்தில் கரைந்து கீழே இறங்கியது. சுடர் முதலில் பாதியானது. அப்புறம் ஒரு கீற்றானது. அந்தக் கீற்றை மூடுவதற்கு முன்னால் அவள் கை ஒரு கணம் நின்றது. வாசற்படியில் இருக்கிற முதுகைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மூடினாள். உச்சி போய்விட்டது. அன்று காலை மாடியில் கண்ட மலை, ஈரம் சொட்டச் சொட்ட, அங்கே உட்கார்ந்திருந்தது.

"அத்தே, முடிஞ்சிடுச்சு. வந்து பாருங்க."

ரேணுகாம்பாள் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் உச்சிக்குப் போயிற்று, அங்கே தேடிற்று, இடதும் வலதுமாகத் தேடிற்று, திரும்ப உச்சிக்கே வந்தது. அருணாதேவி அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தால் சாமியைத் திரும்ப ஏற்ற வேண்டும், அதுதானே முறை. அவள் சற்று நகர்ந்து வழிவிட்டாள்.

"சாமிய இதுல திரும்ப ஏத்தலியா அத்தே?"

"வேணாம்மா. சாமி இதுலயே இருக்கட்டும். படம் உன்னுது."

கோபமாகச் சொல்லவில்லை. துவைத்த துணியில் அவரவர் துணியைப் பிரித்து அவரவர் கையில் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்பதற்கு அருணாதேவி வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து காத்திருந்தாள். கேட்டாயிற்று. கேட்டதும், வெள்ளிக்கிழமை சாயந்தரம் பாறையையும் பச்சையையும் விரல் வைத்துக் காட்டிய அந்த ரேணுகாம்பாள் வேண்டும் என்று இருந்தது. குழந்தை மாதிரி அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கலாம்போல இருந்தது.

"இன்னொரு தடவ பாருங்க அத்தே. அந்தப் பாறை, அந்தப் பச்ச, எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"பாத்தம்மா. எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் மேகந்தான் தெரியுது."

அதுதான் அத்தை படம் என்று சொல்ல அருணாதேவி வாயெடுப்பதற்குள், தண்ணீர் தளும்புகிறது என்று சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் செம்பைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு அடியாக, சாமி மாடத்துப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அருணாதேவி படத்துக்கு முன்னால் நின்றாள். அது அவளுடையதாக ஆனபிறகு, அதைப் பார்க்க அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.